அத்திப்பழச் சுங்கம்

சில்லாற்றின் இக்கரையில் காட்டுப்பன்றியும் மந்திக் கூட்டமும் வாழ்ந்தன. அக்கரையில் உடும்பும் அழுங்கும் சருகுமானும் வாழ்ந்தன. இரண்டு கரைக்கும் நடுவே ஒரு பாலம் இருந்தது.

பாலம் என்றால் யாரும் கட்டிய பாலம் இல்லை. இக்கரையில் நின்ற பெரிய மருதமரம் ஒன்று ஏதோ ஒரு புயலில் சாய்ந்து, தலையை அக்கரையில் வைத்துப் படுத்துக்கொண்டது. விழுந்ததே தவிர, சாகவில்லை. வேரில் பாதி இக்கரை மண்ணுக்குள்ளேயே இருந்தது. அதனால் படுத்தபடியே துளிர்த்தது, பூத்தது, காய்த்தது. படுத்த படுக்கையாக இருந்துகொண்டே வீட்டை நடத்துகிறவர்கள் உண்டல்லவா? அந்த மாதிரி மரம் அது.

அந்தப் பாலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் வேரடியில் ஒரு பிடி மண் போட வேண்டும். ஆற்றுத் தண்ணீர் வேரை அரித்துக்கொண்டே இருக்கும். அரித்ததை இவர்கள் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். பன்றி மூக்கால் ஒரு குவியலையே தள்ளும். மந்திகள் களிமண்ணை உருட்டி வந்து அப்பும். சருகுமான் முயலைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். அது திரும்பி நின்று, குச்சிக் காலால் உதைத்து மண்ணைத் தள்ளும். விழுவது ஒரு சிட்டிகைதான். ஆனாலும் அதுவும் ஒரு பிடியாகத்தான் சேர்ந்தது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. எதிரெதிரே வந்தால், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "பிடி போட்டாச்சா?" என்றுதான் அந்தக் காட்டில் கேட்பார்கள்.

அழுங்குக்கு மட்டும் அந்த வேலை இல்லை. அழுங்கைப் பார்த்திருக்கிறீர்களா? உடம்பு முழுக்கச் செதில். வாயில் ஒரு பல் கிடையாது. நீளமான நாக்கை நீட்டி எறும்பையும் கரையானையும் நக்கித் தின்றே வயிற்றைக் கழுவுகிற பிராணி. முன்கால் நகங்களை மடக்கிக்கொண்டு, முட்டி தேய நடக்கும். அதற்கு மண்ணைத் தோண்டத்தான் தெரியும், போடத் தெரியாது. ஒருமுறை ஆசையாகப் பிடி போட வந்து, வேரடியில் ஒரு குழியே பறித்துவிட்டது.

"அப்பனே, நீ பிடி போடவே வேணாம். வேர்ப்பக்கம் கையை வைக்காம இருந்தாலே பெரிய உபகாரம்" என்று பன்றி கும்பிட்டுவிட்டது.

எல்லோரும் சிரித்தார்கள். அழுங்கும் சிரித்தது. அன்றிலிருந்து அது சாயங்காலமானால் அக்கரையிலிருந்து புறப்பட்டு, மரத்தில் இருக்கிற ஒவ்வொரு வெடிப்பிலும் மூக்கை நுழைத்து நுழைத்து நக்கிக்கொண்டே வரும். இக்கரைப் புற்றுகளில் மேய்ந்துவிட்டுத் திரும்பும்போதும் அதே மாதிரி நக்கிக்கொண்டே போகும். "பாலத்துல நடக்கச் சொன்னா பந்தியில நடக்கிறான் பாரு" என்று மந்திகள் கேலி செய்யும்.

பாலத்தின் நடுவில், கிளை பிரிகிற இடத்தில், இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு அகலம் உண்டு. எதிரே யாராவது வந்தால் அங்கே ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நின்றால் பேசாமல் இருக்க முடியுமா? அதனால் அந்தக் காட்டில் எல்லா நல்லது கெட்டதும் அங்கேதான் பேசப்பட்டது. யாருக்குக் குட்டி பிறந்தது, எந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம், எந்த மரத்தில் பழம் என்று எல்லாம் அங்கேதான் தெரியும். கீழே ஆறு சலசலவென்று போய்க்கொண்டிருக்கும். மரத்தின் துளிர்கள் காற்றில் ஆடி, நிற்பவர் முதுகில் உரசும். அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

சருகுமானும் அழுங்கும் தினமும் அங்கேதான் சந்தித்துக்கொள்ளும். அந்த வருஷம் சருகுமானுக்கு ஒரு குட்டி பிறந்திருந்தது. அக்கரை மூங்கில் புதரில் அதை ஒளித்து வைத்துவிட்டு, விடியற்காலையில் இக்கரைக்கு வரும். அத்திமரங்கள் எல்லாம் இக்கரையில்தான். உதிர்ந்த பழங்களைத் தின்றால்தான் அதற்குப் பால் ஊறும். சாயங்காலம் ஓட்டமும் நடையுமாகத் திரும்பும்போது, அழுங்கு எதிரே ஆடி அசைந்து வரும்.

"என்னக்கா, பிள்ளை எப்படி இருக்கான்?"

"இருக்கான் தம்பி. நேத்து ஒரு தும்பியைப் பாத்துப் பயந்து புதருக்குள்ள ஓடிட்டான்."

"பயப்படட்டும்க்கா. பயந்த பிள்ளைதான் நல்லா வளரும். எங்கம்மா அப்படித்தான் சொல்லும்."

இவ்வளவுதான் பேச்சு. ஆனால் இதைப் பேசாமல் இருவரும் கடந்து போனதே இல்லை.

ஒருநாள் காலையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பன்றியும் மந்திகளும் சருகுமானும் வேரடியில் சேற்றை மிதித்துக்கொண்டு, பிடி போட்டுக்கொண்டு நின்றன. உடும்பு பாலத்தின்மேல் படுத்து இதை வேடிக்கை பார்த்தது. அதன் பொந்து அக்கரையில், மரத்தின் தலைமாட்டில் இருந்தது. இரை தேடி அலைவதென்றால் அதற்கு எட்டிக்காய். வெயில் காய்வதென்றால் கற்கண்டு.

"எதுக்கு இத்தனை பேரும் சேத்துல நிக்கறீங்க?" என்றது உடும்பு. "நான் ஒருத்தன் வேலை வெட்டி இல்லாமத்தான் கெடக்கிறேன். மண் போடற வேலையை எங்கிட்ட விட்டுடுங்க. ஒரு தடவை தாண்டறதுக்கு ஒரு அத்திப்பழம். அக்கரை முனையில நான் உக்காந்திருப்பேன். பழத்தைக் குடுத்துட்டு நீங்க பாட்டுக்குப் போய்க்கிட்டே இருங்க."

பன்றி நிமிர்ந்து பார்த்தது. "நீ எப்ப இருந்து அத்திப்பழம் திங்க ஆரம்பிச்சே?"

"திங்கறேனோ, தலைக்கு வச்சுப் படுத்துக்கறேனோ, அது எம்பாடு. பாலம் நல்லா இருக்கணும், அது உங்க பாடு."

முதலில் சரி என்று சொன்னது சருகுமான்தான்.

"எனக்குச் சம்மதம்ண்ணே. குட்டி தனியாக் கெடக்கான். இங்கே நின்னு உதைச்சுக்கிட்டு இருக்கிற நேரத்துல நான் அவன்கிட்டப் போயிடுவேன்."

மந்திகளின் தலைவியான கிழ மந்தி, "நம்மகிட்டப் பழத்துக்கா பஞ்சம்? காலுக்கடியில உதிர்ந்து கெடக்கு" என்றது. பன்றியும் தலையாட்டிவிட்டது. சேறு அதற்குப் பிடிக்கும். சேற்றில் வேலை செய்வதுதான் பிடிக்காது.

அழுங்கு அப்போது தன் வளையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் அழுங்கு எப்போதும்போல் பாலத்தில் ஏற வந்தது. உடும்பு குறுக்கே படுத்திருந்தது.

"பழம் எங்கே?"

"என்ன பழம்ண்ணே?"

உடும்பு புதுச் சட்டத்தைச் சொன்னது. அழுங்கு பொறுமையாகக் கேட்டது.

"அண்ணே, எனக்குப் பல்லு இல்ல. பழத்தைக் கவ்வ முடியாது. சரி, மூக்காலயாவது உருட்டிக்கிட்டு வரலாம்னா, பழம் அந்தக் கரையில இருக்கு. பழம் குடுத்தாத்தான் அந்தக் கரைக்குப் போகலாங்கறீங்க. அந்தக் கரைக்குப் போனாத்தான் பழம் கிடைக்கும். நான் எங்க போறது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உனக்கு விட்டா நாளைக்கு எல்லாருக்கும் விடணும்" என்றது உடும்பு. உடும்புப் பிடி என்று சும்மாவா சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சருகுமான் பாலத்தைத் தாண்டி வந்து சேர்ந்தது. அதன் வாயில் இரண்டு பழங்கள் இருந்தன. ஒன்று இப்போது கொடுக்க, இன்னொன்று நாளைக் காலையில் மறுபடி போகும்போது கொடுக்க. அதற்குமேல் அதன் வாய் கொள்ளாது.

அழுங்கு அதைப் பார்த்தது. "அக்கா..." என்று ஆரம்பித்தது.

சருகுமானுக்குப் புரிந்துவிட்டது. ஒரு பழத்தைக் கொடுத்தால் அழுங்கு போகும். ஆனால் நாளைக்குத் தனக்குப் பழம் இராது. திரும்பிப் போய் இன்னொன்று எடுத்து வரலாம். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அது ஒரு பழத்தை உடும்பின் முன்னால் வைத்தது.

"குட்டி காத்துக்கிட்டு இருப்பான் தம்பி" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடியது.

அது பொய் இல்லை. குட்டி காத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பொய் சொல்லாமலே நழுவிவிடலாம் என்பதுதான் இதில் இருக்கிற சங்கடம். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சருகுமான் நினைத்தது. மறுநாளும் அப்படியே நினைத்தது. பிறகு அழுங்கு பாலத்துப் பக்கம் வருவதையே விட்டுவிட்டது. அக்கரை மலைச்சரிவில் கிடைக்கிற எறும்புகளே போதும் என்று இருந்துவிட்டது. அது வராமல் போனது சருகுமானுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

உடும்பைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். முதல் கொஞ்ச நாள் அது ஒழுங்காக இக்கரைக்கு வந்து, நகத்தால் மண்ணைப் பிறாண்டி வேரில் போட்டது. ஆனால் ஊரே கூடிப் போட்ட மண்ணை ஓர் உடும்பு போட முடியுமா? ஒருநாள் மழை என்று வராமல் இருந்தது. யாரும் கேட்கவில்லை. மறுநாள் வெயில் என்று வராமல் இருந்தது. அன்றும் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு காரணம் தேடுவதையும் நிறுத்திவிட்டது.

அதற்கு இருந்த இடத்திலேயே சாப்பாடு வந்தது. எப்படி என்கிறீர்களா? அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று நாம் முகம் சுளிப்போம். உடும்பு அதற்காகத்தான் பழமே கேட்டது. குவிந்த பழம் அழுகியது. அழுகலுக்கு வண்டு வந்தது, புழு வைத்தது. படுத்த இடத்திலிருந்து கழுத்தை நீட்டினால் போதும். உடும்புக்குத் தொந்தி விழுந்தது. தொந்தி விழுந்த உடும்பை அந்தக் காடு அதற்கு முன் கண்டதில்லை.

மற்றவர்களும் மாறிப்போனார்கள். முன்பெல்லாம் பன்றி பாலத்தில் அடிமேல் அடி வைத்து நடக்கும். இப்போது தடதடவென்று ஓடியது. நடுவில் நின்று முதுகு அரிப்பைக் கிளையில் தேய்த்துக்கொண்டது.

"மெதுவாப் போயேன் மாமா" என்று சருகுமான் ஒருநாள் சொன்னது.

"ஏன் மெதுவாப் போகணும்? சும்மாவா நடக்கிறேன்? பழம் குடுக்கிறேன்ல?"

மந்திக் குட்டிகள் துளிர்களை ஒடித்து விளையாடின. கிழ மந்தி அதட்டவில்லை. நடுப்பாலத்தில் யாரும் நின்று பேசுவதும் நின்றுபோயிற்று. எதிரே யாராவது வந்தால், "கொஞ்சம் ஒதுங்கு, நானும் பழம் குடுத்தவன்தான்" என்ற சத்தம்தான் கேட்டது. "பிடி போட்டாச்சா?" என்ற வார்த்தையே காட்டில் மறந்துபோயிற்று.

மழைக்காலத்துக்கு முன்னால் மரத்தின்மேல் ஒரு புதுமை தெரிந்தது. பட்டையின்மேல் மண் கோடு கோடாக ஏறியிருந்தது. பிறகு கோடுகள் சேர்ந்து, நடுமரம் முழுவதையும் ஒரு மண் பூச்சு மூடிக்கொண்டது. ஈரமாக, வழவழப்பாக, யாரோ கையால் மெழுகியது மாதிரி இருந்தது.

பன்றி அதை முகர்ந்து பார்த்து அசந்துபோயிற்று. அக்கரைக்குப் போய் உடும்பை வாயாரப் பாராட்டியது.

"உடும்பு, உன்னை என்னமோன்னு நெனச்சேன். வேருக்கு மட்டும் மண் போடச் சொன்னா, மரத்து மேலேயே பூசி விட்டிருக்கியே! நாங்க இருந்த காலத்துல ஒருத்தனுக்காவது இந்த யோசனை வந்துச்சா?"

உடும்புக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது பொந்தை விட்டு நகர்ந்தே பல நாள் ஆயிற்று. ஆனாலும் பாராட்டு என்பது வாசலுக்கு வந்த விருந்து. யார் வேண்டாம் என்பார்கள்?

"ஏதோ நம்மால முடிஞ்சது" என்றது அடக்கமாக.

செய்தி பரவியது. மந்திகள் வந்து பார்த்துப் பூரித்துப்போயின. கிழ மந்தி உடும்புக்கு ஒரு பழம் கூடுதலாகவே கொடுத்தது. சருகுமானும் பார்த்தது. இவ்வளவு கெட்டியாகப் பூசியிருக்கிறார்கள், இனி மழை வந்தாலும் கவலை இல்லை என்று அது நிம்மதியாகக் குட்டியிடம் போயிற்று.

அது என்ன பூச்சு என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். கரையான் பூச்சு. வெளியே மண்ணை மெழுகிவிட்டு, உள்ளே மரத்தைத் தின்றுகொண்டிருந்தது கரையான். அதைத் தெரிந்துகொள்ளக் கூடிய ஒரே பிராணி மலைச்சரிவில் எறும்பு தேடிக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மலையில் கொட்டிய மழை ஒரு பிற்பகலில் ஆற்றில் இறங்கியது. செந்தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. அத்திமரத்தடியில் இருந்த சருகுமான் அந்த இரைச்சலைக் கேட்டதும் பழத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தது. மூங்கில் புதர் தாழ்வான இடம். தண்ணீர் ஏறினால் முதலில் ஏறுவது அங்கேதான்.

பாலத்தின்மேல் பன்றி நடந்துகொண்டிருந்தது. அக்கரைப் பாறை இடுக்கில் மழைக்கு ஒதுங்கப் போகிறதாம். பாதி தூரம் போனதும் அதன் முன்னங்கால் பொதுக்கென்று மரத்துக்குள் இறங்கியது. காலைப் பிடுங்கினால் கூடவே ஈர மண்ணும் தூளும் வந்தன. மரம் வரவில்லை. பன்றி அலறிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்துவிட்டது.

"போகாதே! உள்ளே ஒண்ணுமே இல்ல. வெறும் கூடு!"

"நான் லேசு மாமா. என்னைத் தாங்கும்" என்று சருகுமான் பாலத்தில் பாய்ந்தது.

கிளை பிரிகிற இடத்துக்கு அது வருவதற்குள், காலடியில் மரம் முனகியது. மண் போடாமல் அரித்துப் போயிருந்த வேர் ஒரு பக்கமாகப் புரண்டது. வேர் புரண்டதும் நடுமரம் முறிந்தது. சருகுமான் திரும்பிப் பாய்ந்தது. அது கரையில் வந்து விழவும், அத்தனை காலம் படுத்துக்கிடந்த மருதமரம் இரண்டாகி ஆற்றோடு போகவும் சரியாக இருந்தது.

மந்திகள் கத்த ஆரம்பித்தன. அக்கரை மேட்டில், பழக்குவியலின் பக்கத்தில், உடும்பு திகைத்துப்போய் நின்றது.

"டேய் உடும்பு, நாங்க குடுத்த பழத்துக்கு என்னடா வழி?" என்று கிழ மந்தி கத்தியது.

"பழம் எல்லாம் இங்கேதான் இருக்கு. வேணும்னா வந்து எடுத்துக்கிட்டுப் போங்க!" என்றது உடும்பு.

எப்படி வந்து எடுப்பது? பழம் இருந்தது, பாலம் இல்லை.

சருகுமானுக்கு இந்தச் சண்டை எதுவும் காதில் விழவில்லை. அக்கரை மூங்கில் புதரிலிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் இரைச்சலில் அது மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. பெற்றவளுக்குக் கேட்டது. தண்ணீர் புதரின் அடியை நனைக்கத் தொடங்கியிருந்தது.

அப்போது மலைச்சரிவில் அழுங்கு தெரிந்தது. சத்தம் கேட்டு வளையை விட்டு வந்து, மழையில் நின்றுகொண்டிருந்தது.

கேட்க வாய் வரவில்லை சருகுமானுக்கு. எந்த முகத்தோடு கேட்பது? ஆனாலும் தாய் அல்லவா, கேட்டது.

"தம்பி! குட்டி மூங்கில் புதர்ல கெடக்கான்! தண்ணி ஏறுது தம்பி!"

அழுங்கு ஒரு நொடி நின்றது. பிறகு திரும்பி, முட்டி தேயத் தேய மெதுவாக நடந்து மழைக்குள் மறைந்தது. காதில் விழுந்ததா, விழவில்லையா, விழுந்தும் கோபமா, ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில் குட்டியின் குரலும் நின்றுபோயிற்று.

சருகுமான் விடியும்வரை அந்தக் கரையை விட்டு அசையவில்லை. பன்றி வந்து பக்கத்தில் படுத்துக்கொண்டது.

காட்டாறு வந்த வேகத்திலேயே வடியும். மறுநாள் உச்சிவேளையில் பாறைகள் தலைகாட்டின. சருகுமான் பாறைக்குப் பாறை தாவியது. இரண்டு இடத்தில் தண்ணீர் அதை உருட்டியது. எப்படியோ தட்டுத் தடுமாறி அக்கரையேறி மூங்கில் புதருக்கு ஓடியது.

புதரில் சேறுதான் இருந்தது. குட்டி இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சரிவில் ஏறியது. மேட்டில், ஒரு பாறையின் கீழே, பெரிய பலாப்பழம் மாதிரி ஏதோ கிடந்தது. செதில்களெல்லாம் சேறு. ஆபத்து வந்தால் அழுங்கு அப்படித்தான் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். புலி வந்து புரட்டினாலும் பிரிக்க முடியாது.

"தம்பி, நான்தான்" என்றது சருகுமான்.

உருண்டை மெல்லப் பிரிந்தது. உள்ளே, அழுங்கின் வயிற்றோடு வயிறாக, ஒரு சொட்டு நனையாமல், குட்டி கிடந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று தள்ளாடியது.

சருகுமான் குட்டியை நக்கியது. அழுங்கை ஏறிட்டுப் பார்க்க அதனால் முடியவில்லை.

"தம்பி, அன்னிக்கு என் வாயில ரெண்டு பழம் இருந்துச்சு."

"தெரியும்க்கா. பாத்தேன்."

"பாத்துட்டுமா இவனைத் தூக்கிட்டு வந்தே?"

"பிள்ளை எங்கிட்டப் பழமா கேட்டான்?" என்றது அழுங்கு. "அதெல்லாம் அப்புறம் பேசலாம்க்கா. முதல்ல பாலைக் குடு. பசியில என் செதிலைச் சப்பிக்கிட்டுக் கெடந்தான்."

சருகுமான் அழுதது. குட்டி பால் குடித்தது.

தண்ணீர் இன்னும் வடிந்ததும் பன்றியும் மந்திகளும் ஆற்றில் இறங்கி வந்தன. பாலத்தின் தலைப்பக்கத்துத் துண்டு ஒன்று பாறையில் சிக்கிக் கிடந்தது. எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். உடைந்த இடத்தில் உள்ளெல்லாம் அறை அறையாக, வெள்ளை வெள்ளையாகக் கரையான் ஓடிக்கொண்டிருந்தது. அழுங்கைப் பார்க்க வேண்டுமே! அதன் நாக்கு அதைக் கேட்காமலே நீண்டது. ஒரு வெடிப்பிலிருந்து இன்னொரு வெடிப்புக்கு நக்கிக்கொண்டே போயிற்று. சற்று நேரத்தில் அந்தத் துண்டு துடைத்து வைத்தது மாதிரி ஆகிவிட்டது.

பன்றி அதைப் பார்த்துக்கொண்டே நின்றது. அதன் மண்டையில் ஏதோ ஒன்று மெதுவாக ஏறியது.

"நாமெல்லாம் வேருக்குப் பிடி போட்டோம். மரத்துக்குப் பிடி போட்டது இவன் ஒருத்தன்தான். அவனைப் போய் நிறுத்தி வச்சோமே" என்றது.

"நான் எங்க மாமா பிடி போட்டேன்? பசிச்சுது, தின்னேன்" என்றது அழுங்கு.

கிழ மந்தி உடும்பைப் பிடித்துக்கொண்டது. "மரத்துக்கு மண் பூசினது நீதான்னு சொன்னியே, பாவி."

"நான் எங்க சொன்னேன்? நீ பூசினே, நீ பூசினேன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான்" என்றது உடும்பு. "வேருக்கு மண் போடறேன்னு சொல்லிட்டுப் போடாம விட்டது என் தப்புதான். அதை ஒத்துக்கிறேன். ஆனா தினமும் வேரைத் தாண்டித்தானே நடந்தீங்க. ஒருத்தராவது குனிஞ்சு பாத்தீங்களா?"

உடும்பு சொல்வதை எல்லாம் கேட்கக் கூடாதுதான். ஆனால் இதில் பொய் இல்லை. அழுகிய பழக்குவியலை அன்றே ஆற்றில் தள்ளினார்கள். அத்தனை பழமும் சேர்ந்து ஒரு முழ மரத்தைக்கூட அவர்களுக்கு வாங்கித் தரவில்லை.

சருகுமான் அடுத்த மழைக்கு முன்னால் குட்டியை இக்கரைக்கே அழைத்து வந்துவிட்டது. பழம் இங்கே, பிள்ளை அங்கே என்று இனி அதனால் இருக்க முடியாது. அழுங்கையும் கூப்பிட்டது. "எனக்கு அந்த வளையிலதான்க்கா தூக்கம் வரும்" என்று அது மறுத்துவிட்டது.

வேர் இருந்த இடத்தில் மந்திகள் மருத விதைகளைப் போட்டு வைத்தன. அவை முளைத்தும்விட்டன. முளைத்தது வளர்ந்து, முதிர்ந்து, ஒரு புயலில் சாய்ந்து, சரியாக அக்கரையில் தலை வைத்துப் படுப்பதற்குள், இவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகள் பிறந்துவிடுவார்கள்.

கோடையில் ஆறு காயும்போது எல்லோரும் மணலில் நடந்து போய் வருகிறார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அகலமான மணலில் யாரும் யாருக்காகவும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அதனால் பேச்சும் இல்லை. மழைக்காலத்தில் ஆறு நிரம்பிவிட்டால் அவரவர் கரை அவரவருக்கு. பொழுது சாயும் நேரத்தில் சருகுமான் இக்கரையில் வந்து நிற்கும். அழுங்கு அக்கரையில் வந்து நிற்கும். "பிள்ளை எப்படி இருக்கான்?" என்று அது கேட்பது உதட்டசைவில் தெரியும். தண்ணீர் இரைச்சலில் காதில் விழாது. சருகுமான் தலையை ஆட்டும். இருட்டுகிறவரைக்கும் நின்றுவிட்டு, இருவரும் தத்தம் வழியே திரும்பிப் போவார்கள்.

பொதுவில் இருப்பதற்குக் கூலி கொடுத்துவிட்டோம் என்று குனிந்து பாராமல் நடப்பவர்களும், கொடுக்க வழியில்லாதவனை வெளியே நிறுத்துகிறவர்களும், கடைசியில் அந்தப் பொதுவையே இழந்து நிற்பார்கள்.